லாஸ்ட் பஸ் அண்ணனுக்குச் சொன்ன முடிவுகள்

தமிழ் சினிமாவில் யார் செத்தாலும், அந்தச் சாவு செல்லுமா செல்லாதா என்று சொல்லத் தகுதியுள்ள மனிதர் மலேசியாவின் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே ஒருவர்தான். அவர் விமர்சகர் இல்லை. பத்திரிகையில் ஒரு வரி எழுதியதில்லை. கிள்ளானில் ஓர் ஈமச்சடங்கு நிறுவனத்தின் வேன் ஓட்டுநர். பெட்டியை ஏற்றிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போகும் அந்த நீளமான கறுப்பு வேனை இருபது வருஷமாக ஓட்டுகிறவர். ஊரில் அவரை 'லாஸ்ட் பஸ்' என்பார்கள். நேரில் பேசும்போது மட்டும் மரியாதைக்கு ஓர் 'அண்ணே' சேர்ந்துகொள்ளும். ஐசி என்கிற அடையாள அட்டையில் இருக்கும் பெயர் அவருக்கும் அவருடைய முதலாளியான தவுக்கேக்கும் மட்டும்தான் தெரியும்.

மற்றவர்கள் படத்தில் பாட்டு எப்படி, சண்டை எப்படி என்று பார்ப்பார்கள். லாஸ்ட் பஸ் அண்ணன் சாவு எப்படி என்று பார்ப்பார். சாவே இல்லாத படத்தை அவர் டிரெய்லர் என்பார்.

ஒரு பெரிய நடிகரின் படம் வந்தது. அதில் நாயகனின் நண்பனுக்கு மார்பில் ஆறு குண்டுகள். நண்பன் நாயகனின் மடியில் படுத்துக்கொண்டு நாலு நிமிஷம் பேசினான். அரங்கமே விசும்பியது. அண்ணன் மட்டும் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார்.

"ஆறு குண்டு வாங்கினவன் தங்கச்சிய ஒப்படைக்கிறான், ஊர ஒப்படைக்கிறான், போற போக்குல வில்லன் வீட்டு அட்ரஸும் குடுக்குறான். நான் எத்தன பேர ஏத்தியிருக்கேன் தம்பி! சொந்தக்காரங்க சொல்லக் கேட்டிருக்கேன்ல? கடைசில தண்ணி கேப்பாங்க. இல்லாட்டி ஃபேன ஸ்லோ பண்ணுன்னு சொல்லுவாங்க. அவ்ளோதான்லா."

பிணமாக நடிப்பவர் மூச்சு விடுகிறாரா என்று எண்ணுவது இன்னொரு பழக்கம். விரலை மடக்கி மடக்கி எண்ணுவார். ஒரு குடும்பப் படத்தில் பெரியவர் செத்துக் கிடக்க, மருமகள்கள் மூன்று பேரும் முறைவைத்து அழுதார்கள். அண்ணனுக்கு ஒரு கை விரல் தீர்ந்து மறு கைக்கு வந்துவிட்டது. "யாராச்சும் டாக்டர கூப்பிடுங்கப்பா" என்று அவர் சொன்னது நாலு வரிசைக்குக் கேட்டது. முன்னால் அழுதுகொண்டிருந்த ஓர் ஆன்டி மூக்கைச் சிந்துவதை நிறுத்திவிட்டுத் திரும்பி முறைத்தார்.

பெட்டி தூக்கும் காட்சி வந்தால் போச்சு. "காலிப் பெட்டி, காலிப் பெட்டி" என்று முனக ஆரம்பித்துவிடுவார். உள்ளே ஆள் இருந்தால் தூக்குகிறவனின் இடது தோள் எப்படி இறங்கும், கழுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று பிறகு கார் நிறுத்துமிடத்தில் நடித்தே காட்டுவார். ஒருமுறை என்னைப் பெட்டியாக நினைத்துக்கொண்டு என் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாற்று சினிமா என்று சொல்கிறார்களே, பாட்டும் சண்டையும் இல்லாமல் குறைந்த செலவில் எடுக்கும் படங்கள், அவற்றின் மீதும் அவருக்குத் தீர்மானமான கருத்து உண்டு. "கேமராவ வெச்சிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டாங்க" என்பார். ஆனால் எழுந்து போகமாட்டார். "பரவால்ல. சாவு வீட்ல நேரம் அப்படித்தான் நகரும்" என்பார். அப்படி ஒரு படத்தில், தகப்பனைப் பறிகொடுத்த மகன் வாசலில் குனிந்து எதையோ தேடிக்கொண்டே இருந்தான். தன் செருப்பைத்தான். வந்த கூட்டத்தில் யாரோ மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அரங்கில் எங்களோடு சேர்த்து ஐந்து பேர். அண்ணன் எழுந்து நின்று கை தட்டினார்.

"சாவு வீட்ல செருப்பு காணாமப் போகும். இது எவனுக்காச்சும் தெரியுமா? இவனுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. இவன் டைரக்டர்!"

இரண்டு வகைப் படங்களையும் அவர் ஒரே மூச்சில் எடை போட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "பெரிய படத்துல சாவுறவன் பேசுவான், சுத்தி நிக்கிறவன் வாய மூடிக்கிட்டு இருப்பான். சின்னப் படத்துல சாவுறவனும் பேசமாட்டான், சுத்தி நிக்கிறவனும் பேசமாட்டான். நெசத்துல சாவுறவன் பேசமாட்டான், சுத்தி நிக்கிறவன் வாயே மூடமாட்டான். அந்தப் படத்த இன்னும் எவனும் எடுக்கல தம்பி."

இவ்வளவு பேசுகிறவருக்கு ஒரு குறை இருந்தது. அவர் எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லை.

கடைசி வரிசையில், வெளியே போகும் கதவுக்குப் பக்கத்து இருக்கைதான் எப்போதும் அவருக்கு. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. கூப்பிட்டால் அப்படியே வேலைக்குப் போய்விடலாம். சட்டைப் பையில் போன். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் மார்பில் நீல வெளிச்சம் மினுங்கும். குனிந்தபடி எழுந்து போய்விடுவார். அவரைத் தெரிந்தவர்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் படத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு மெசேஜ் அனுப்புவார்கள், எல்லாரும் நல்லா இருக்கீங்களா என்று. அவர் எழுந்து போவது பெரும்பாலும் கடைசி அரைமணி நேரத்தில்தான் நடக்கும். அது விதியா, அவருடைய தவுக்கேயின் குணமா என்று தெரியாது.

நான் அவரைச் சந்தித்ததும் அப்படித்தான். தற்செயலாக எனக்கு அவருக்குப் பக்கத்து இருக்கை. வில்லனை நாயகன் தேடிக் கண்டுபிடிக்கும் நேரம் பார்த்து அவர் மார்பு மினுங்கியது. எழுந்தவர் இருட்டில் என் கையில் ஓர் அட்டையைத் திணித்தார். "தம்பி, முடிவ மட்டும் போன் பண்ணி சொல்லிருங்க" என்று காதருகே சொல்லிவிட்டுப் போனார். வெளியே வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். கறுப்பு அட்டை, தங்க எழுத்து. 'பெட்டி, வேன், மாலை, உறுமி மேளம். எந்நேரமும் அழைக்கலாம்.' எனக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் கூப்பிட்டுச் சொன்னேன். இதற்குப் போய்ப் பயந்து ஒரு மனிதனை முடிவு தெரியாமல் விடுவது பாவமில்லையா.

மறுநாள் மறுபடி போய்ப் பார்க்கலாமே என்று பிறகு ஒருநாள் கேட்டேன். ஆன்லைனில்கூட வந்துவிடுகிறதே.

"கொள்ளி வெச்சவன் திரும்பிப் பாக்கலாமா? கூடாதுல்ல? எனக்கும் அப்படித்தான். ஒருக்கா எழுந்து வந்துட்டேன்னா அந்தப் படம் முடிஞ்சிச்சு. நீங்க சொன்னா போதும்."

அப்படி நான் அவருக்கு முடிவு சொல்கிறவன் ஆனேன்.

வெள்ளிக்கிழமை முதல் காட்சி முடிந்ததும் திரையரங்குக்குப் பின்னாலிருந்த சாப்பாட்டுக் கடையில் எங்களுக்கு ஒரு மேசை உண்டு. நான், இன்சூரன்ஸ் விற்கும் மணியம், வேலை முடித்து வந்துவிட்டால் லாஸ்ட் பஸ் அண்ணன். "பாஸ், நாம ரெண்டு பேரும் ஒரே பிஸ்னஸ்தான். நான் முன்னாடி வரேன், நீங்க பின்னாடி வரீங்க" என்று மணியம் அவரைச் சீண்டுவார். அண்ணன் சிரிக்காமல் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் குடிப்பார். வேனை மட்டும் கடைக்குப் பின்னால் நிறுத்தச் சொல்லிக் கடைக்காரர் கும்பிடுவார்.

அந்த மேசை அவருக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர் போன் எண் எல்லாரிடமும் இருந்தது, யாரும் அதைப் பெயர் போட்டுச் சேமித்து வைத்ததில்லை. கல்யாணப் பத்திரிகை அவருக்கு வராது. பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டதோடு காப்பி வராமல் போயிற்று. வீட்டைவிட்டு அவர் கிளம்புவதைப் பார்த்தால், எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று அக்கம்பக்கத்தில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். மனிதர்கள் அவரைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்கண்ணே, படம் எப்படி?" என்று கேட்ட இடம் இந்தப் பூமியில் அந்த மேசை ஒன்றுதான். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்திருந்தும்தான் நான் இனி சொல்லப்போகும் அந்த வேலையைச் செய்தேன்.

அப்போது நான் சுபாங் ஜெயாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் தமிழ் பிழை திருத்துகிறவன். ஷாம்பு பாக்கெட்டின் பின்னால் 'கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று இருந்தால் அது நான் திருத்தியது. மற்ற நேரத்தில் கதை எழுதினேன். அனுப்பியவையெல்லாம் சுவரில் அடித்த பந்துபோலத் திரும்பி வந்தன. முடிவு சரியில்லை என்று ஓர் ஆசிரியர் எழுதியிருந்தார். அது என் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

அந்த வாரம் வந்தது ஒரு மசாலாப் படம். கடைசியில் நாயகன் வில்லனை அடித்துப் போட்டுவிட்டு, பனிமலையில் பாட்டுப் பாடிக் கல்யாணம் செய்துகொண்டான். பாதியில் எழுந்துபோன அண்ணன் போனில் கூப்பிட்டார்.

"என்னா ஆச்சு தம்பி?"

பனிமலையைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. "ஹீரோ செத்துட்டாருண்ணே" என்றேன்.

"எப்படி?"

"மழைண்ணே. பஸ் ஸ்டாண்டுல உக்காந்த மேனிக்கு. யாருக்கும் தெரியாது. அவங்கம்மா சோத்துப் பொட்டலத்தோட வர்றாங்க. தூங்குறான்னு நெனச்சு பக்கத்துல உக்காந்துக்குறாங்க. பஸ் வருது, போயிருது. அதோட முடிச்சிட்டாங்க."

"மியூசிக்?"

"இல்லண்ணே. மழச் சத்தம் மட்டும்."

"அடடா" என்றார். அந்த 'அடடா'வுக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது.

பிறகு அதை என்னால் நிறுத்த முடியவில்லை. குடும்பப் படமொன்றில் கடைசியில் எல்லாரும் ஒன்றுசேர்ந்து புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். என் முடிவில் மாமனார் சாப்பாட்டு மேசையிலேயே செத்துப்போனார், டிவி ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. பேய்ப் படத்தில் பேய் பழி தீர்த்தது. என் முடிவில் பேய் அலுத்துப்போய்ப் பாதியில் போய்விட்டது. "சரிதான். அதுக்கும் டயர்ட் ஆகும்ல" என்று அண்ணன் ஒப்புக்கொண்டார். மணியமும் இதற்கு உடந்தை. அண்ணன் மேசையில் என் முடிவுகளைப் புகழும்போது மணியம் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ கிளாஸுக்குள் முகத்தை விட்டுக்கொண்டு குலுங்குவார். வேறு யாரும் அவரோடு சினிமா பேசாததால் குட்டு உடையவே இல்லை.

இதனால் அவருடைய கொள்கையே மாறிப்போயிற்று. வணிகப் படங்கள் திருந்திவிட்டன என்று சொல்ல ஆரம்பித்தார். படத்துக்கு நாலு ஹெலிகாப்டர் வெடிக்கவைக்கும் ஓர் இயக்குநர் மேல் அவருக்குத் தனி மதிப்பே வந்துவிட்டது. "ஹெலிகாப்டரெல்லாம் மனுசன் வயித்துப் பொழப்புக்குப் பண்றது. உள்ளுக்குள்ள அவரு நம்ம ஆளு தம்பி" என்றார்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

பிரிக்பீல்ட்ஸில் இளைஞர்கள் சிலர் மாதம் ஒருமுறை ஒரு கடைக்கு மேல்மாடியில் கூடி சினிமா பேசுவார்கள். சொந்தமாகப் படம் எடுக்கக் கனவு காண்கிற பிள்ளைகள். அவர்களிடம் அண்ணனைப் பற்றி நான்தான் வாய் தவறிச் சொன்னேன். வாய் தவறி என்பதும் பொய். பெருமைக்குச் சொன்னேன். அவர்கள் துள்ளிக் குதித்தார்கள். 'சினிமாவில் சாவு: ஒரு வேன் ஓட்டுநரின் பார்வை' என்று போஸ்டர் அடித்துவிட்டார்கள்.

ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று அவரிடம் சொல்லப் பார்த்தேன். அவர் அதற்குள் வானநீலத்தில் ஒரு சட்டை வாங்கி வைத்திருந்தார். வெள்ளையைத் தவிர வேறு நிறத்தில் அவரை நான் பார்த்ததில்லை. "பேச கூப்பிட்டிருக்காங்க தம்பி. என்னய!" என்றார். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மதியம். அவர் வேலையில் இருந்ததால் வேனோடு வந்தார். எங்கே நிறுத்தினாலும் அந்தக் கடைக்காரர் ஓடிவந்து கும்பிட்டார். பலகாரக் கடை, நகைக் கடை, பூக்கடை என்று சுற்றி, கடைசியில் ஒரு பல் மருத்துவமனைக்கு முன்னால் இடம் கிடைத்தது. ஞாயிறு என்பதால் அது சாத்தியிருந்தது.

நாற்பது பேர் இருந்திருப்பார்கள். அண்ணன் பிரமாதமாகப் பேசினார். மூச்சு விடும் பிணம், காலிப் பெட்டி, காணாமல் போன செருப்பு எல்லாம் வந்தன. பிள்ளைகள் சிரித்தார்கள், எழுதிக்கொண்டார்கள். ஒரு பையன் எழுந்து, அடுத்த படத்துக்கு நீங்கள்தான் எனக்கு ஆலோசகர் என்றான். அண்ணனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, இதோடு முடித்துக்கொள்ளுங்கள் என்று கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் முடிக்கவில்லை. "சின்னப் படத்துலதான் துணிச்சல் இருக்குன்னு நெனைக்காதீங்க" என்றார். "பெரிய படத்துலயும் ஒருத்தன் துணிஞ்சான்." படத்தின் பெயரைச் சொன்னார். பஸ் ஸ்டாண்டைச் சொன்னார். மழையைச் சொன்னார். சோற்றுப் பொட்டலத்தோடு வந்து பக்கத்தில் உட்காரும் அம்மாவை அவரே உட்கார்ந்து நடித்துக் காட்டினார்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் மரியாதையாகக் கையை உயர்த்தினாள். "சாரி அங்கிள். அந்தப் படத்துல ஹீரோ சாவமாட்டாரு. கல்யாணம் பண்ணிக்குவாரு. ஸ்னோல சாங் இருக்கும்."

சிலர் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். "நீ வேற படத்த சொல்றம்மா."

"இல்ல அங்கிள், இதான்." அவள் போனில் எடுத்து, எழுந்துபோய் அவர் கையில் கொடுத்தாள்.

அவர் பார்த்தார். பாட்டு முழுவதையும் பார்த்தார். அது நாலரை நிமிஷப் பாட்டு. அந்த மாடியில் அதன் சத்தம் மட்டும்தான் கேட்டது. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு படத்தின் முடிவைப் பார்த்தது அன்றைக்குத்தான். முடிந்ததும் போனைத் துடைத்து அவளிடம் கொடுத்தார். "நல்லா ஆடுறாரு" என்றார்.

அப்புறம் என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு கணக்குச் சரியாக வராதவன் பார்ப்பதுபோல, ஒவ்வொரு படமாக மனதில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார், பேய், ஹெலிகாப்டர் இயக்குநர், எல்லாம். அன்றைக்கு அவர் போன் அடிக்கவில்லை. யாராவது செத்திருக்கக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தேன். போனும் அடிக்காமல், வேலையும் வராமல், அவர் தானாகவே எழுந்து நாற்பது பேருக்கு நடுவில் நடந்து படி இறங்கிப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் மேசைக்கு வரவில்லை. கூப்பிட்டேன். "சொல்லுங்க சார்" என்றார். இரண்டு வருஷமாகத் தம்பியாக இருந்தவன் சார் ஆகிவிட்டேன். "வேலையில இருக்கேன் சார்" என்று வைத்துவிட்டார். மணியம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தே தாரேக்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏசினாரா?" என்று கேட்டேன்.

"ஏசியிருந்தா பரவால்லையே. 'முடிவெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு மணியம். கதன்னு சொல்லிக் குடுத்திருந்தா சந்தோசமா கேட்டிருப்பேன்'னு சொன்னாரு. படம் பாக்குறதையே விட்டுட்டாராம்லா."

அவர் வேறு எங்காவது போய்ப் படம் பார்ப்பார் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஒரு மனிதனுக்கு இருந்த ஒரே ஒரு சந்தோஷத்தில் மண்ணைப் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் கதவுக்குப் பக்கத்து இருக்கையில் யார் யாரோ உட்கார்ந்தார்கள், படம் முடியும்வரை எழுந்திருக்கவே இல்லை. மன்னிப்புக் கேட்டு நாலு மெசேஜ் அனுப்பினேன். படித்ததற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. எட்டு மாதம் அப்படிப் போயிற்று.

எட்டாவது மாதம் அம்மாவைக் கிள்ளானில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாலாம் நாள் சாயங்காலம் அக்கா கூப்பிட்டார், அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, வா என்று. சுபாங் ஜெயாவிலிருந்து கிளம்பினேன். பெடரல் ஹைவேயில் கார்கள் அசையவில்லை. வானொலியில் ஓர் அறிவிப்பாளர் சிரித்துச் சிரித்து நெரிசலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அக்காவும் பக்கத்தில் இல்லை. காவலாளி வண்டியை மாற்றி நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டதால் கீழே போயிருந்தார். பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் அம்மா போய்விட்டார்.

கீழே பிணவறை வாசலில் அந்த வேன் நின்றது. மாமா யாருக்கோ போன் போட்டிருக்கிறார்.

"சார், அம்மாவோட ஐசி வேணும்" என்றார் லாஸ்ட் பஸ் அண்ணன். வெள்ளைச் சட்டை. கொடுத்தேன். "மேல வார்டுல அம்மாவோட பையி இருக்காம். அக்கா எடுத்துட்டு வரச் சொன்னாங்க. நான் போய் எடுத்துட்டு வரேன்." லிஃப்டுக்கு முன்னால் பெரிய கூட்டம் நின்றதால் படியேறிப் போனார். வார்டு ஐந்தாவது மாடியில். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். ஒரு பையை எடுத்து வர இவ்வளவு நேரமா என்று மாமா முணுமுணுத்தார். அண்ணன் பையை அக்காவிடம் கொடுத்துவிட்டு வேன் கதவைத் திறந்தார்.

மறுநாள் மதியம் எடுத்தோம். தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் நான்தான். வேனில் முன்னால், ஓட்டுநருக்குப் பக்கத்தில், மாலை போட்ட அம்மாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னால் அம்மா. உறுமி மேளம் தெருமுனையோடு நின்றுவிட்டது. அப்புறம் நாங்கள் இரண்டு பேர் மட்டும். முந்தின நாளிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன நடந்தது என்ற ஒரே ஒரு கேள்விதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது, அதை யாரிடமும் கேட்க முடியாது. அக்காவிடம் கேட்டால் அவர் உடைந்துபோவார்.

பாலத்துக்கு முன்னால் நெரிசலில் வேன் நின்றது.

"அண்ணே, நான் பண்ணது..."

"இப்ப அது வேணாம் சார்."

பிறகு அவர் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமலே பேசினார்.

"நேத்து மேல போனேன்ல. பக்கத்துக் கட்டில்ல ஒரு மலாய்க்கார மாக்சிக், வயசான அம்மா, இருந்தாங்க. அவங்ககிட்ட கேட்டேன். இன்னைக்கி காலைல அவங்களுக்கு டிஸ்சார்ஜ்னாங்க. போயிட்டாங்கன்னா அப்புறம் யாரு சொல்லுவா? அதான் ஒக்காந்து ஒண்ணொண்ணா கேட்டேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"அஞ்சு மணிக்குக் கஞ்சி வந்துச்சாம். உப்பில்லன்னு ஏசினாங்களாம். ரெண்டு வாய்தான் குடிச்சிருக்காங்க. அப்புறம் மூச்சு வாங்கியிருக்கு. நர்ஸ் வந்து மாஸ்க் வெச்சாங்க, கொஞ்சம் அடங்கிருச்சு. அக்கா கீழ போனப்ப மாஸ்க்க நகத்திட்டு, மாக்சிக்கிட்ட மணி கேட்டாங்களாம், மலாய்ல. ஆறரைன்னாங்களாம். 'எம்மகன் ஜாம்ல மாட்டியிருப்பான்'னு சொன்னாங்களாம். கால் குளுருதுன்னு சொல்லியிருக்காங்க. மாக்சிக் எந்திரிச்சு வந்து போர்வைய இழுத்து விட்டாங்க. தூங்கிட்டாங்கன்னுதான் நெனச்சாங்களாம்."

"வலி இருந்துச்சாண்ணே?"

"அது அவங்களுக்குத் தெரியல. அதனால எனக்கும் தெரியாது." சற்று யோசித்தார். "உங்க பேரச் சொல்லிக் கூப்பிடல. அதையும் சொல்லிறணும். மகன்னுதான் சொன்னாங்க. வேற ஒண்ணும் பேசல. அவ்ளோதான்."

கூட்டிச் சொல்லியிருக்கலாம். சிரித்த முகத்தோடு போனார், உன் பெயரைச் சொன்னார் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் நான் நம்பியிருப்பேன். அவரிடம் இரண்டு வருஷம் அதைத்தான் நான் செய்தேன். அவரோ ஐந்து மாடி ஏறி, முன்பின் தெரியாத ஒரு நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உப்பில்லாத கஞ்சியையும் குளிர்ந்த காலையும் கேட்டு வாங்கி, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா என்னை ஏசவில்லை. நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. காலைப் போர்த்திவிட ஒரு கை இருந்தது.

எனக்கு அழுகை வந்தது. படத்தின் கண்ணாடி நனைய நனைய அழுதேன்.

பாலத்தில் நெரிசல் விட்டு முன்னால் பாதை காலியானது. வேன் நடை வேகத்தில்தான் நகர்ந்தது. பின்னால் ஒரு லோரிக்காரன் பொறுமையில்லாமல் ஹாரனை அழுத்தினான், மறுபடி அழுத்தினான்.

"அவன் அடிக்கட்டும் தம்பி" என்றார் லாஸ்ட் பஸ் அண்ணன். "நீங்க அழுது முடிங்க. நான் மெதுவாவே போறேன்."